எதுவரை செல்லும் இந்தச் சூத்திரம்?

இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணித மாணவி, பனமரத்துப்பட்டி

கல்லூரி மலருக்குக் கணிதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் தோழியர் சிரித்தனர். "கவிதை எழுது, படிப்பார்கள். கணக்கை யார் படிப்பார்கள்?" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை. அது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று, நம்மில் பலருக்கும் நேர்ந்துகொண்டிருப்பது என்பதே என் எண்ணம். கணிதம் எடுக்காத நண்பர்களும் அஞ்ச வேண்டாம். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் இக்கட்டுரைக்குப் போதும்.

நான் பனமரத்துப்பட்டிக்காரி. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் தந்தது எங்கள் ஊர் ஏரி. இன்று எங்கள் பக்கத்தை அரளிப்பூவைக் கொண்டே பலரும் அறிவர். என் தாய் விடியுமுன் எழுந்து அரளி மொட்டுப் பறிக்கக் கூலிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே வந்தேன்.

முதலாண்டில் நுண்கணித வகுப்பில் அடுக்குத் தொடர் என்னும் பாடம் வந்தது. ஒரு சார்பை எக்ஸ், எக்ஸின் இருபடி, முப்படி என்று முடிவின்றி நீளும் உறுப்புகளின் கூட்டலாக எழுதுவதே அடுக்குத் தொடர். சைன், கொசைன், மடக்கை போன்றவற்றின் மதிப்பை வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் கொண்டே கண்டுபிடிக்க இது வழி செய்கிறது. இப்பாடத்தில் முதலில் வருவது இந்தச் சூத்திரம்:

1/(1 − எக்ஸ்) = 1 + எக்ஸ் + எக்ஸ்² + எக்ஸ்³ + …

எக்ஸுக்கு 1/2 என்று போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் 2 வந்தது. வலப்பக்கம் 1 + 1/2 + 1/4 + 1/8 + … என்று கூட்டக் கூட்ட 2-ஐ நெருங்கியது. மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்து எக்ஸுக்கு 2 என்று போட்டேன். இடப்பக்கம் −1. வலப்பக்கமோ 1 + 2 + 4 + 8 + 16 + … ஒரு ரூபாய் கடன் என்கிறது ஒரு பக்கம். கோடி கோடியாய்க் குவியும் செல்வம் என்கிறது மறுபக்கம். நடுவில் சமக்குறி!

நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று ஆசிரியரைக் கேட்டேனா? இல்லை. நோட்டை மூடிவிட்டேன். நாம்தான் எங்கோ தவறாகப் போட்டிருப்போம் என்று எண்ணினேன். கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களோ என்று அஞ்சினேன். ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று தயங்கினேன். மூன்று வாரம் அந்த −1 என் நோட்டுக்குள் கிடந்தது. அதற்குள் தேர்வு வந்தது. சூத்திரங்களை உருப்போட்டு எழுதினேன். இருபத்தைந்துக்கு இருபத்தொன்று! தோழியர் பாராட்டினர். எனக்கோ அந்தப் பாராட்டு உள்ளே முள்ளாய்த் தைத்தது. இருபத்தொரு மதிப்பெண் பெற்றவளுக்கு 1 + 2 + 4 + 8 எப்படி −1 ஆகும் என்று தெரியாது. அது தெரியாது என்பது மதிப்பெண் பட்டியலுக்கும் தெரியாது.

அந்த வாரம் எங்கள் ஊரில் நோம்பி. அம்மா ஒப்பிட்டு சுட்டிருந்தார் (மற்ற ஊரார் போளி என்பர்). கடைசியில் ஒன்று மிஞ்சியது. கேட்பவர்களோ தம்பியர் இருவரும் நானுமாக மூவர். வட்டமான பண்டத்தை மூன்றாகச் சமமாய் அறுப்பது எளிதன்று. அம்மா அதை நாலாக அறுத்தார். ஆளுக்கு ஒரு கால் கொடுத்தார். மிஞ்சிய காலை மறுபடி நாலாக அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அதிலும் மிஞ்சியதை மறுபடி நாலாக அறுத்தார்.

"இப்படியே அறுத்துக்கிட்டே இருந்தா எப்பம்மா முடியும்?" என்றான் சின்னத் தம்பி.

"முடியாது கண்ணு. துளியூண்டு மிஞ்சறப்போ எறும்புக்குப் போட்டுட்டுக் கையைக் கழுவிக்குவேன்" என்றார் அம்மா.

எனக்குச் சுரீர் என்றது. ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 1/4 + 1/16 + 1/64 + … மூவருக்கும் ஒரே அளவுதான் கிடைக்கிறது. ஆகவே அது மூன்றில் ஒரு பங்காகத்தான் இருக்க வேண்டும். நோட்டை எடுத்துச் சூத்திரத்தில் எக்ஸுக்கு 1/4 போட்டேன். 4/3 வந்தது. முதலில் நிற்கும் 1-ஐக் கழித்தால் 1/3. பள்ளிக்கூடம் போகாத என் தாயின் கத்தியும் பாடநூலும் ஒரே விடையைச் சொல்லின!

அப்படியானால் 2 போட்டபோது மட்டும் என்ன கெட்டது? அம்மா சொன்ன சொல்லில்தான் விடை இருந்தது. மிச்சம்! ஒப்பிட்டில் முதல் முறை மிஞ்சியது 1/4. அடுத்து 1/16. ஐந்தாம் முறை அறுத்த பின் 1/1024. எறும்புக்குப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. எக்ஸுக்கு 2 போடும்போது கதையே வேறு. மூன்று உறுப்புகள் கூட்டினால் 1 + 2 + 4 = 7. −1 வர வேண்டுமானால் மிச்சம் −8 ஆக இருக்க வேண்டும். நாலு உறுப்புகள் கூட்டினால் 15, மிச்சம் −16. மிச்சத்தையும் சேர்த்து எழுதினால் 7 − 8 = −1, 15 − 16 = −1 என்று கணக்கு ஒவ்வொரு படியிலும் சரியாகவே இருக்கிறது. மிச்சத்தைத் தூக்கி எறும்புக்குப் போட்டோமே, அங்கேதான் பொய் புகுந்தது. அறுக்க அறுக்க மிச்சம் பெருத்துக்கொண்டே போனால் அதை எறிய நமக்கு உரிமை இல்லை.

எக்ஸ் −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால்தான் இந்தத் தொடர் ஓரிடத்தில் வந்து ஒருங்கும். இந்த வரி என் நோட்டிலும் இருந்தது. சூத்திரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் நானே எழிதி வைத்திருந்தேன். உருப்போட்டபோது அதை விட்டுவிட்டேன்!

மறுநாள் ஆசிரியர் அறைக்குச் சென்று தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். "ஏம்மா, இதை மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாய்? வகுப்பில் கேட்டிருந்தால் அறுபது பேருக்கும் பாடம் ஆகியிருக்குமே!" என்றார் அவர். பின்பு, "உன் அம்மா செய்த கணக்கு ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது, தெரியுமா?" என்று கேட்டு, கேரள நாட்டுக் கணித அறிஞர்களைப் பற்றிப் படிக்கத் தூண்டினார். படித்தேன். படித்ததில் பாதியைக்கூட நம் பாடநூல்கள் சொல்வதில்லை என்பதால் அதைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

நம் பாடநூலில் கிரிகோரி தொடர் என்று ஒன்று வருகிறது. ஒரு கோணத்தின் டேன்ஜென்டைக் கொண்டு அக்கோணத்தைக் கண்டுபிடிக்கும் அடுக்குத் தொடர் அது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிரிகோரி 1671-இல் அதை எழுதினார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே சங்கமகிராமத்து மாதவர் அதைக் கண்டிருந்தார். மாதவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. இன்றைய திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாவே அவருடைய ஊர் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். சைன், கொசைன் தொடர்களும் அவருடையவையே. தொடர்களைப் பற்றி அவரே எழுதிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி, ஜேஷ்டதேவர் முதலியோரின் நூல்களால் அறிகிறோம். ஒப்பிட்டுக் கணக்கான 1/4 + 1/16 + 1/64 + … = 1/3 என்பதை ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் ஆராய்ந்தவர் இந்த நீலகண்டர்தான்.

ஆங்கிலேய அதிகாரியான சார்லஸ் விஷ் 1830-களில் இந்நூல்களைப் பற்றி மேல்நாட்டாருக்கு எழுதினார். ஆயினும் நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1940-களில் இதை மீண்டும் கணித உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை இராமானுஜன் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய சி. டி. இராஜகோபால். "நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்" என்று மார்தட்டிக்கொள்ள இதை நான் எழுதவில்லை. அவர்கள் கண்டுபிடித்ததைவிட, கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு நடந்துகொண்ட விதமே என்னைக் கவர்ந்தது. அதில் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவர்கள் சூத்திரத்தைச் சொல்லும்போதே அதன் எல்லையையும் சொன்னார்கள். சைன், கொசைன் இரண்டில் எது சிறியதோ அதையே மேலே வைத்துக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்தாலும் கணக்கு முடிவுக்கு வராது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. டேன்ஜென்ட் 1-ஐத் தாண்டக் கூடாது என்று நாம் இன்று எழுதுவதும் இதுவே. நான் சிறிய எழுத்தில் எழுதி மறந்ததை அவர்கள் விதியோடு விதியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, அவர்கள் மிச்சத்தை மறக்கவில்லை. கோணம் 45 பாகையானால் டேன்ஜென்ட் சரியாக 1. எல்லைக்கோட்டின்மேல் நிற்கிறோம். அப்போது வருவது 1 − 1/3 + 1/5 − 1/7 + … இதை நாலால் பெருக்கினால் பை, அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண். ஆனால் இது நத்தை போல் நகரும் தொடர். பத்து உறுப்புகள் கூட்டிப் பெருக்கினேன். 3.0418 வந்தது. நூறு உறுப்புகள் கூட்டினாலும் 3.1316-தான். ஆயிரம் கூட்டினாலும் 3.1406-தான். மாதவர் வழியினர் என்ன செய்தார்கள்? இன்னும் கூட்டாமல் விட்டது ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று ஆராய்ந்து, அதற்கொரு திருத்தம் கண்டார்கள். பத்து உறுப்புகளோடு நிறுத்தினால், உறுப்புகளின் எண்ணிக்கையை நாலால் பெருக்கினால் 40. எண்ணிக்கையை இரட்டித்து வர்க்கமாக்கி ஒன்று கூட்டினால் 401. இந்த 40/401-ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். 3.14159 வந்தது! ஆயிரம் உறுப்புகளால் ஆகாததைப் பத்து உறுப்புகளும் ஒரு திருத்தமும் செய்துவிட்டன.

எல்லைக்கோட்டை விட்டு உள்ளே வந்து 30 பாகையை எடுத்துக்கொண்டால் தொடர் விரைந்து ஒருங்குகிறது. 12-இன் வர்க்கமூலத்தை 1 − 1/(3 × 3) + 1/(5 × 9) − 1/(7 × 27) + … என்பதால் பெருக்க வேண்டும். இதில் பத்தே உறுப்புகளில் திருத்தமின்றியே 3.14159 கிடைக்கிறது. மாதவர் பையை 11 தசம இடங்கள் வரை சொல்லியிருக்கிறார். இந்தத் தொடரின் 21 உறுப்புகள் அதற்குப் போதும். எல்லை எங்கே என்று அறிந்தவனுக்கே, அதனுள் எங்கே நின்றால் வேலை எளிது என்பதும் தெரிகிறது.

மூன்றாவது, அவர்கள் காரணத்தைத் தம் தாய்மொழியில் சொன்னார்கள். அறிவு நூல் என்றால் வடமொழிச் செய்யுள் என்றிருந்த காலம் அது. ஏறத்தாழ 1530-இல் ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்னும் நூலை மலையாள உரைநடையில் எழுதினார். ஒவ்வொரு விதியும் ஏன் உண்மை என்று படிப்படியாக விளக்கும் நூல் அது. கே. வி. சர்மா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பதிப்பு 2008-இல் வெளிவந்து, இன்று உலகமே படிக்கிறது. தாய்மொழியில் எழுதியதால் அதன் தரம் தாழ்ந்துவிடவில்லை.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. நீலகண்டர் காலத்தில் தமிழ்நாட்டில் சுந்தரராஜர் என்ற வானநூலார் ஒருவர் இருந்தார். அவர் தம் ஐயங்களை நீலகண்டரிடம் கேட்டார். நீலகண்டர் அளித்த விடைகளுக்குச் 'சுந்தரராஜ பிரச்னோத்தரம்' என்று பெயர். எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! விடை சொன்னவர் அந்நாளின் பேரறிஞர். நூலின் பெயரில் நிற்பதோ கேள்வி கேட்டவரின் பெயர்!

"எங்களுக்குச் சூத்திரம் போதும், தேர்வில் அதைத்தானே கேட்கிறார்கள்?" என்று சிலர் சொல்லக்கூடும். "நம் பக்கத்து ஈரோட்டில் பிறந்த இராமானுஜன்கூட நிரூபணமில்லாத சூத்திரங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைத்தானே படித்தார்?" என்றும் வாதாடக்கூடும். உண்மைதான். கார் என்பவர் தொகுத்த அப்புத்தகத்தில் சூத்திரங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஆனால் அவர் அவற்றை உருப்போடவில்லை, ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 1 + 2 + 3 + 4 + … = −1/12 என்று அவர் எழுதியது பலருக்கும் தெரியும். அது தம்முடைய கோட்பாட்டின்படி கிடைப்பது என்று அவர் சேர்த்தே சொன்னது சிலருக்கே தெரியும். சாதாரணக் கூட்டலில் அது செல்லாது என்று அவருக்குத் தெரியும். இது எங்கே செல்லும், எந்தப் பொருளில் செல்லும் என்பதை அவர் மறந்ததில்லை.

நம் நிலை என்ன? நம்மில் பாதிப் பேராவது பி.எட். முடித்து ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு இங்கே வந்திருக்கிறோம். இன்று நான் எல்லையை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டால், நாளை என் வகுப்பில் ஒரு பிள்ளை 2 போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கும்போது, "உட்கார், அதெல்லாம் தேர்வில் வராது" என்றுதானே சொல்வேன்? என் அறியாமை என்னோடு நில்லாமல் அந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத நமக்கு, கேட்பதற்கு இருக்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கேயும் வாய்மூடி இருந்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால், அம்மா விடியற்காலைப் பனியில் நின்று பறித்த மொட்டுகளுக்கு நான் கொடுக்கும் விலை ஒரு காகிதம் மட்டுமே.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு இரண்டு யோசனைகள். ஒரு தொடரை எழுதினால் அது ஒருங்கும் எல்லையையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் எழுதுவோம். பிறகு, ஒரு தொடரையாவது கையால் பத்து உறுப்புகள் கூட்டிப் பார்ப்போம். கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் விடை வரும்தான். ஆனால் நத்தை போல் நகரும் தொடர் எது, விரைந்தோடும் தொடர் எது என்பது கூட்டிப் பார்த்த கைக்கே தெரிகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பாடத்திட்டம் பெரிது, பருவம் சிறிது என்பதை அறிவோம். ஆயினும் வாரத்தில் ஒரு பத்து நிமிடத்தையாவது கேள்விக்கென்று ஒதுக்கித் தாருங்கள். அப்போது தமிழில் கேட்கலாம், தவறாகவும் கேட்கலாம் என்று நீங்களே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், கடைசி வரிசையும் வாய் திறக்கும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு அது கட்டாயம் வேண்டும், அதையும் கற்போம். ஆனால் ஐயம் முதலில் தாய்மொழியில்தான் பிறக்கிறது. அதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்தால் மணி அடித்துவிடுகிறது.

நண்பர்களே, அடுத்த முறை கரும்பலகையில் ஒரு சூத்திரம் சமக்குறியோடு வந்து நிற்கும்போது, யாராவது ஒருவர் எழுந்து, "ஐயா, இது எதுவரை செல்லும்? மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி என் அம்மா எனக்குக் கற்றுத் தந்தது. கேட்காமல் நான் இழந்த மூன்று வாரங்களை நீங்களும் இழக்க வேண்டாம்.